ஏட்டையா போட்ட கோஷம்

— சிரிக்காதிய தாயி. நெசமாத்தான் கேக்கேன். மறியலுக்கு நீங்கதான் முன்னால நிக்கணும்.

— சிரிக்காம என்ன செய்ய, ஏட்டையா? இந்த ராஜபாளையத்துல நான் ரோட்டுல உக்காந்தப்பல்லாம் என்னைய வேன்ல ஏத்துனது நீங்க. இன்னைக்கு எங்க யூனியன் ஆபீசுக்கே வந்து, ‘நாச்சியாரம்மா, ரோட்டுல உக்காருங்க’ன்னு கூப்பிடுறிய.

— ஏட்டையால்லாம் பழசு. எஸ்.எஸ்.ஐ.யால்லா ரிட்டயர் ஆனேன்.

— எங்களுக்கு எப்பவும் கண்ணுச்சாமி ஏட்டையாதான். சேர இழுத்துப் போட்டு உக்காருங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க.

— ரிட்டயராகி கான்சாபுரத்துல வெவசாயம் பாக்கேன், கேட்டியளா. அறுத்த நெல்லு களத்துல மூட்ட மூட்டையா குமிஞ்சு கெடக்கு. கொள்முதல் பண்ண கவர்மெண்டு ஆளு வரல. மனு குடுத்தோம், ‘பாக்கலாம்’னாவ. பொறவும் குடுத்தோம், ‘வரும்’னாவ. போன வாரம் மழை வந்துருச்சு. மேல போட்ட தார்ப்பாயக் காத்து கொண்டு போயிருச்சு. அடி மூட்டையெல்லாம் முளை விட்டுக் கெடக்கு. கையில அள்ளிப் பாத்தேன் தாயி. வெள்ளவெள்ளயா, பச்சப்பிள்ளைக்குப் பல்லு முளைச்ச மாதிரி.

— அடப் பாவமே. ஏன், உங்க ஊர்ல முன்ன நிக்க ஆளு இல்லையா?

— ஆளுக்கொரு கட்சி. ஒருத்தன் நின்னா இன்னொருத்தன் வரமாட்டான். உங்க பேரச் சொன்னேன். ‘அந்த பேண்டேஜ் கம்பெனி அம்மாவா?’ன்னு டீக்கடையில சாஞ்சு கெடந்தவன்லாம் எந்திரிச்சு உக்காந்துட்டான்.

— இந்தா பாருங்க, நான் தறிக்காரி. பேண்டேஜ் துணி நெய்தவ. நெல்லப் பத்தி எனக்கு என்ன தெரியும்?

— ரயிலு நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்ல நிக்கணும்னு தண்டவாளத்துல உக்காந்தியளே, நீங்க என்ன ரயிலா ஓட்டுனிய?

— அத இன்னுமா ஞாபகம் வச்சிருக்கிய? எல்லாரையும் புடிச்சுக் கல்யாண மண்டபத்துல அடைச்சிய. தக்காளி சோறு வாங்கிக் குடுத்ததும் நீங்கதான்.

— உங்களுக்கு மட்டும் தயிர்சோறு. அப்ப நீங்க வாயும் வயிறுமா இருந்திய.

— அந்தப் பிள்ளதான் பானுப்பிரியா. இப்ப மதுரையில வக்கீலுக்குப் படிக்கா.

— நல்லாருக்கட்டும். அந்த பேக்கிங் பிள்ளையளுக்கு உக்கார ஸ்டூல் கேட்டு நின்னியளே, அது என்னாச்சு?

— பாதிக் கம்பெனியில போட்டுட்டாங்க. காலையில இருந்து நின்னே செத்ததுக, இப்ப உக்காந்து துணி மடிக்குதுக. கொஞ்ச நேரம் போயிப் பாத்துட்டு வந்தா எனக்கு மனசு நெறஞ்சுரும். இது போதும், இனி ரோட்டுக்குப் போக வேண்டாம்னு இருந்தேன், ஏட்டையா. முட்டி மடங்க மாட்டேங்குது. உக்காந்தா தூக்கிவிட ரெண்டாள் வேணும்.

— அதுக்குத்தான் போலீசு இருக்கே.

— நெனப்புதான் உங்களுக்கு. சரி, வாரேன். ஆனா ஒண்ணு. நெலம் வச்சிருக்கவங்க மட்டும் வந்தா நான் வரமாட்டேன். களத்துல மூட்ட தூக்குறவங்களும் வரணும். எங்க பக்கத்துலதான் உக்காரணும், பின்னால இல்ல.

— அது... அவிய வேற தெருவுல்லா, தாயி. எங்காளுவ ஒரு மாதிரி பேசுவாவ.

— பேசட்டும். நெல்லு லாரி ஏறலைன்னா அவங்களுக்கும் கூலி இல்ல. ஆள் விட்டுச் சொல்லக் கூடாது. நீங்களே போயி ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு கூப்பிடணும்.

— ம்.

— ம்னா?

— போறேன். நானே போறேன்.

— அப்ப கோஷம் யாரு போடுவா?

— நீங்கதான்.

— உங்க நெல்லு, உங்க தொண்டை. போடுங்க பாப்போம்.

— இங்கனயேவா? வெளிய யூனியன் பிள்ளையெல்லாம் உக்காந்திருக்கு.

— அதுக கேக்காத கோஷமா?

— எடுத்துக்கோ... எடுத்துக்கோ... எங்கள் நெல்லை எடுத்துக்கோ.

— பரேடுல அட்டென்சன் சொல்ற மாதிரி இருக்கு. அதட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ள அம்மாட்ட சோறு கேக்கும்லா, அப்படிக் கேளுங்க.

— எடுத்துக்கோ... எங்கள் நெல்லை... எடுத்துக்கோ.

— ஆங். இப்பதான் நெல்லு நனைஞ்சு கெடக்கிறது தெரியுது. பொறவு, மறியலுக்கு முந்தி ஸ்டேசனுக்கு ஒரு போன் அடிச்சுச் சொல்லிருவேன். ஒளிச்சு மறைச்சுச் செஞ்சு எனக்குப் பழக்கமில்ல. பொம்பளையாளுகளப் புடிக்க எந்த லேடி எஸ்.ஐ. வருவாங்க?

— போன் வேண்டாம் தாயி. அவளுக்குத் தெரியும்.

— எவளுக்கு?

— எஸ்.ஐ. மாரிச்செல்விக்கு. என் மருமவதான். ‘போயி நாச்சியாரம்மாவக் கூட்டிட்டு வாங்க மாமா’ன்னு காலையில என்னைய பஸ் ஏத்திவிட்டதே அவதான். களத்துல முளைவிட்டுக் கெடக்கதுல பாதி அவ அப்பா நெல்லு.