சுறாப்புட்டும் ஒரு அழுகையும்

திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ். என் முன்சீட்டில் அக்காவும் தங்கையும். தங்கை மடியில் கைக்குழந்தை.

“அழுதா பால் வத்திடுமாம்க்கா. என் மாமியாரு அழவே வுட மாட்டேங்குது.”

“புள்ள பெத்ததுலேர்ந்து மனசு சரியில்லன்னு சொன்னியாடி?”

“சொன்னேன். பால் ஊறும்னு இன்னொரு தட்டு சுறாப்புட்டு வெச்சிச்சு. மகாபலிபுரம் கடல்ல பாதி என் வயித்துலதான் கீது.”

“பால் ஊறிச்சா?”

“நீயும் அதையே கேளு!”

“சரி, இப்ப டாக்டராண்ட போறது உனக்குன்னு வூட்ல தெரியுமா?”

“கொழந்தைக்குத் தடுப்பூசின்னு சொல்லிட்டு வந்துகீறேன். எனக்குன்னா வுடுமா?”

குழந்தை வீறிட்டது. பஸ்ஸில் எல்லோரும் ஒரே நொடியில் டாக்டர் ஆனார்கள். “பால் குடும்மா” என்றார் எதிர்சீட்டு அம்மாள். “பசிக்குது, பால் குடும்மா” என்றார் கண்டக்டர்.

“அது அழுதா பாலு. நான் அழுதா இன்னா குடுப்பீங்க?”

கண்டக்டர் டிக்கெட் கேட்டுக்கொண்டே பின்பக்கம் போய்விட்டார்.

அக்கா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“செங்கல்பட்டு வர்ற வரைக்கும் நீ அழுடி. வத்துனா வத்தட்டும். பால் டப்பா எல்லா மெடிக்கல்லயும் கீது. தங்கச்சி எந்த மெடிக்கல்ல கீது?”