றம்லத் வீட்டு இரட்டைக் கண்ணாடி

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. அதனால் நீங்கள் கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள் ஐயா, ஆறிவிடும். ஜன்னல் பார்க்கக் கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு இந்த வெயிலில் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறார்களே, உங்கள் கம்பெனியில் ஒரு வேன் கூடவா இல்லை?

குரங்குகள் பிய்த்த றம்லத் வீட்டு ஜன்னல் ரப்பருக்கு அடியில் பாதிக் கஜுப் பருப்பு ஒன்று கிடந்ததாகக் காட்டினீர்கள். குரங்கு கஜுவைக் கண்டால் தின்னும், ஒளித்து வைக்காது என்றீர்கள். நியாயமான பேச்சு. அப்படிப் பேசுகிறவரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் இரண்டு குசினிக்கும் நடுவே ஒரு மதில்தான். இருபது வருடமாக என் ஜன்னலில் நின்று அவள் ஜன்னலுக்குப் பேசி வருகிறேன். வெட்டிப் பேச்சு அல்ல. எண்ணெய் காயுமுன் அவள் கடுகைப் போடப் போவாள், தடுப்பேன். கட்டாரில் இருக்கும் மகள் ஹபீலாவுக்குப் போனில் ஏதாவது பிழையாகச் சொல்வாள், இங்கிருந்தே திருத்துவேன். தொழுது முடித்து அவள் சும்மா உட்கார்ந்திருந்தால், பாவம், தனியாக இருக்கிறாளே என்று ஊர்ப்புதினம் சொல்வேன். இப்படி ஒரு துணை யாருக்குக் கிடைக்கும்?

என் வீட்டுக்காரர் தியாகராஜா வேலையில் ஓய்வு பெற்ற பிறகு நாள் முழுக்க என்னோடுதான் இருந்தார். இப்போது கம்பளையில் தம்பி வீட்டில் இருக்கிறார். ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு வருகிறேன் என்று தைப்பொங்கலுக்குப் போனவர், தீபாவளியும் வந்துவிட்டது. அங்கே காற்று நல்லதாம்.

அவர் போனதிலிருந்து றம்லத்துக்கு இன்னும் அதிகமாகத் துணை இருந்தேன். அந்த நேரம் பார்த்து ஹபீலா காசு அனுப்பினாள். உம்மாவுக்குத் தலையிடி, தூக்கமில்லை, சத்தம் தாங்க முடியவில்லை, ஜன்னலை மாற்றுங்கள் என்று. பஸ்காரன்கள் அடிக்கிற ஹோன் அப்படி. எனக்கே சில நேரம் என் பேச்சு கேட்காது.

"அக்கா, நீங்களும் கடைக்கு வாங்களே. நீங்க இல்லாம இது சரிவராது," என்றாள் றம்லத். இருபது வருடத்தில் அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன்.

உங்கள் கடையில் மூன்று விதக் கண்ணாடியை ஒரு சின்ன அறையில் மாட்டி வைத்திருந்தீர்கள். றம்லத் என்னை அதற்குள் நிற்க வைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் பேசுங்களே."

"என்னத்தப் பேசுறது?"

"வழமையாப் பேசுவீங்களே, அப்பிடியே பேசுங்க."

முதல் கண்ணாடிக்கு அவள் தலையாட்டி மறுத்தாள். இரண்டாவதற்கும் முகம் மலரவில்லை. மூன்றாவது, நடுவில் காற்றை அடைத்த இரட்டைக் கண்ணாடி. அதற்குப் பின்னால் நின்று நான் தெளிவாகச் சொன்னேன்: "இத மட்டும் வாங்காத றம்லத். வெல கூட. பூஞ்சணம் புடிக்கும். நம்ம ஊருக்கு ஒத்துவராது." அவள் பிறை கண்டவள் போல என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது. நான் சொல்லி முடிப்பதற்குள் விற்பனைப் பொடியனிடம் திரும்பி, "மூணு ஜன்னலுக்கும் இதத்தான் தாங்க," என்றாள். என் வாழ்க்கையில் என் பேச்சை யாரும் அவ்வளவு அன்போடு கேட்டதில்லை. கேட்டுவிட்டு எதிர்மாறாகச் செய்தாள், அது வேறு.

ஜன்னல் பொருத்திய மறுநாள் காலை அவள் அடுப்பில் மீன் கருகியது. எட்டி நின்று கத்தினேன். அவள் கண்ணாடிக்கு அந்தப்புறம் சிரித்த முகத்தோடு கருகிய மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது ஐயா. வீட்டுக்குள் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம்தான் இருப்பது?

ஆகவே, அவள் நன்மைக்காக, அவள் ஜன்னல் ஓரத்தில் குரங்குக்கு ஒரு வாழைப்பழம் வைத்தேன்.

அது பழத்தைத் தின்றுவிட்டுக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தது. வேறொரு குரங்கு பங்குக்கு வந்திருக்கிறது என்று நினைத்துப் பல்லைக் காட்டி அறைந்தது. உங்கள் கண்ணாடி அசையவில்லை. தரமான சாமான், அதை நான் மறுக்க மாட்டேன். ரப்பர்தான் பலவீனமான இடம் என்று கண்டுகொண்டேன்.

பெருநாள் வந்தது. றம்லத் வழக்கம்போல ஒரு கோப்பை வட்டலப்பம் அனுப்பினாள், கருப்பட்டியும் முட்டையும் கஜுவும் தாராளமாகப் போட்டு. அவள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன நேரம், ஒட்டடைக் கம்பின் நுனியில் கரண்டியைக் கட்டி, மதிலுக்கு மேலால் நீட்டி, அந்த வட்டலப்பத்தை மூன்று ஜன்னல் ரப்பரிலும் நெடுகத் தடவினேன். குரங்குகள் குடும்பத்தோடு வந்தன. ரப்பரை நார்நாராக உரித்துச் சப்பின. நான் இங்கே கதிரை போட்டு அமர்ந்து, விட்ட இடங்களை அவற்றுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவை கேட்டுக்கொண்டன.

வெறும் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தேன். முறை முறைதான்.

அடுத்த மழையில் கண்ணாடிக்குள் ஈரம் இறங்கிப் புகை பிடித்தாற்போல் ஆகிவிட்டது. வெளிச்சத்துக்காக அவள் ஜன்னலைத் திறந்துதான் ஆகவேண்டும். திறந்தாள். "றம்லத், கண்ணு ஏன் வீங்கியிருக்கு? தூங்கலயா?" என்று ஆரம்பித்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளுக்கும் அவ்வளவு நாள் என்னைப் பிரிந்திருந்த துக்கம் இருக்காதா?

நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்தும் போடுகிறேன்.

புதுக் கண்ணாடி போடப் போகிறீர்களாக்கும். போடுங்கள், ஆனால் இந்தமுறை சரியான பக்கத்தில் போடுங்கள். பஸ் ஓடுகிற வீதி அவள் வீட்டுக்கு முன்னால். அந்தப் பக்கம் இன்னமும் பழைய மர ஜன்னல்தான், இரவு பகலாகத் திறந்தே கிடக்கிறது. மூன்று இரட்டைக் கண்ணாடியையும் அவள் போடச் சொன்னது என் வீட்டுப் பக்கம். பாவம், அவளுக்குத் திசை தெரியாது. இதற்குத்தான் ஐயா, பக்கத்தில் எடுத்துச் சொல்ல எப்போதும் ஒருத்தி வேண்டும் என்கிறேன்.