ஓசெல் டப்ஸின் கல்லறையில் உடைந்த இசைத்தட்டு

என் பெயர் வெர்லீன் டப்ஸ், வயது அறுபத்துமூன்று, மிசிசிப்பி மாநிலம் கார்டல் தோட்டத்தில் ரயில் பாதைக்குக் கீழ்ப்புறமுள்ள வீட்டில் குடியிருந்து வருகிறேன். பருத்தி எடுப்பதும் துணி வெளுப்பதும் என் தொழில். இசைத்தட்டை உடைத்ததாக என்மீது புகார் கொடுத்துள்ள நெட் ஃபாரோ என்பவரை எனக்குப் போன மாதத்திலிருந்துதான் தெரியும். நான்தான் உடைத்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் என்னைச் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம்.

அந்தத் தட்டில் பாடியிருப்பவர் என் அண்ணன் ஓசெல். 1930 கோடையில், மீன் பொரித்து விற்கும் வீட்டில் அவர் கிதார் வாசித்துப் புளூஸ் பாடியதைக் கேட்ட கம்பெனி ஆள் ஒருவர், ரயிலேற்றி வடக்கே அழைத்துப் போனார். அங்கே ஒரே பகலில் நான்கு பாட்டுப் பதிவு செய்தார்கள். இரண்டு பாட்டு ஒரு தட்டாக வந்தது, மற்ற இரண்டும் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. பஞ்ச காலம், தட்டு விற்கவில்லை, கம்பெனியும் மூடிப்போயிற்று. அதன் பிறகு பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கி அண்ணனின் இடது கையில் மூன்று விரல் போயிற்று. அதன் பிறகு அவர் கிதாரைத் தொடவில்லை, டிராக்டர் ஓட்டினார். அவருடைய பத்து விரலும் இருந்தது அந்தத் தட்டில் மட்டும்தான். நான் தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவள், புளூஸ் சாத்தானுடைய பாட்டு என்பார்கள், எங்களுக்கு ஆகாது. ஆனாலும் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்பேன்.

"ஏன்டி வெர்லீன், ஜன்னலச் சாத்திட்டா கடவுளுக்குக் காது கேக்காதா?" என்று அண்ணன் கிண்டல் செய்வார்.

கடந்த பிப்ரவரியில் ஒரு நாள் காலை அந்தத் தட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இறந்தவர் கடைசியாகக் கை வைத்த பொருள்களை உடைத்துக் கல்லறை மேல் வைப்பது எங்கள் வழக்கம். உடைக்காவிட்டால் போனவர் தனியாகப் போக மாட்டார், வீட்டில் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார். அவருடைய காப்பிக் கோப்பையையும் மருந்துச் சீசாவையும் உடைத்து வைத்தேன். தட்டை உடைக்க மட்டும் எனக்குக் கை வரவில்லை. மாவுச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன்.

அதன் பிறகு, பழைய தட்டு கேட்டு வீடு வீடாக வந்த ஃபாரோ, நான் இல்லாத நேரத்தில், எங்களோடு அதே வீட்டில் இருக்கும் அண்ணன் மகன் லூஷியஸிடம் அதைப் பார்த்துவிட்டார். உலகத்திலேயே இது ஒன்றுதான் மிச்சம் என்று சொல்லி விலை பேசி முடித்து, வைத்து எடுத்துப்போகப் பெட்டி கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார். அந்த வாரமே லூஷியஸின் மனைவி ஏர்லினுக்கு ஏழாம் மாதத்தில் உதிரப்போக்கு கண்டது. அவளுக்கு அது முதல் பிள்ளை. வண்டியில் ஏற்றி அசைக்கக் கூடாது என்று சொன்ன மருத்துவச்சி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஓசெல் சாமான் எதையாச்சும் உடைக்காம வெச்சிருக்கியா?"

மறுநாள் காலை சாக்கை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன். லூஷியஸ் சொல்லி, ஃபாரோ காரில் பின்னாலேயே வந்துவிட்டார்.

"அம்மா, ஒரே ஒரு நாள் குடுங்க. டேப்புல பதிஞ்சுட்டுத் திருப்பித் தந்துடறேன்."

"ஏர்லினுக்கு அந்த ஒரு நாள் இருக்குன்னு சொல்லுங்கய்யா, குடுக்கறேன்" என்றேன்.

நான் தட்டைக் கல்லில் போட்டு உடைத்தேன். அவர் மண்டியிட்டு அழுதார், நானும் அழுதேன். அதன் பிறகு, பாட்டின் பெயர் ஒட்டியிருந்த துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கல்லறைப் பொருளை எடுத்துப்போனால் அண்ணன் அதன் பின்னாலேயே போவார், அங்கேயே வைத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். கேளாமல் போய்ப் புகார் கொடுத்தார்.

அன்று மாலையே ஏர்லினுக்கு உதிரம் நின்றது. பிள்ளை அசைகிறது. ஃபாரோ சின்னப் பையன், அவருக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி, அந்தத் துண்டை வாங்கிக் கல்லறையில் வைத்துவிடும்படி, இதை எழுதும் அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன்.

"அது அவன்கிட்ட இல்ல. சாட்சிப் பொருளா என் டிராயர்ல இருக்கு, போதுமா?" என்றார்.

"உங்க வீட்ல யார் யார் இருக்காங்கய்யா?" என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டிராயரைத் திறந்தார்.

இதில் உள்ளவை நான் சொன்னபடியே இருக்கின்றன, எல்லாம் உண்மை. படித்துக் காட்டக் கேட்டு, என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வெர்லீன் டப்ஸ்