முப்பத்தெட்டு கிலோ டம்மி

— துளை தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க தாயி. வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க. பேட்டையிலே இருவத்தெட்டு வருசமா லேத்து ஓட்டுதேன். பீர் மைதீன் போட்ட துளையிலே போல்ட்டு போகலைன்னு ஒருத்தன் இந்தப் படி ஏறினது கிடையாது.

— போல்ட்டு போகுது அண்ணாச்சி. பதினாறு போல்ட்டும் அழகாப் போகுது. இந்த ஒத்தத் துளை இருக்கு பாருங்க, எங்க சாட்டிலைட்டுப் பெட்டி எந்தப் பக்கம் பாத்து உக்காரணும்னு சொல்லுற துளை, அதுதான் எடம் மாறிக் கெடக்கு. அம்புக்குறிக்கு வலப்பக்கம் வரணும். இடப்பக்கம் இருக்கு.

— இதுக்காவா ஸ்ரீஹரிகோட்டாவிலேருந்து இம்புட்டுத் தூரம் வந்தீங்க?

— மெட்ராஸ் வந்து, அங்கன இருந்து நெல்லை எக்ஸ்பிரஸ்லே, ராத்திரி பூரா மடியிலே வச்சுக்கிட்டு. எதிர்த்தாப்ல இருந்த அம்மா, கிரைண்டருக்கு வளையமான்னு கேட்டாங்க. சாட்டிலைட்டுக்குக் காலுன்னேன். சிரிச்சிட்டுப் படுத்துட்டாங்க.

— ஊரு உலகம் அப்படித்தான் இருக்கு. நேத்து டீக்கடையிலே நம்ம அசன் மைதீனே, ராக்கெட்டுலே ஏறுத சாமானை பேட்டையிலேயா செய்யுதேருன்னு சிரிக்கான். சரி, வளையத்தைக் கொஞ்சம் சுத்தி வச்சா என்ன? துளை அந்தப் பக்கம் வந்துரும்லா?

— வரும். எங்க பெட்டியும் கூடவே சுத்திரும். அதோட ஏரியல் போயி பக்கத்துப் பெட்டியிலே இடிக்கும். ராக்கெட்டு நமக்கு மட்டுமா போகுது? மேலே பெரிய சாட்டிலைட்டு. அதுக்குக் கீழே ஒரு பக்கம் வெளிநாட்டுக்காரன் பெட்டி, இன்னொரு பக்கம் எங்க காலேஜ் பெட்டி. காவடியிலே ரெண்டு குடம் தொங்குற மாதிரி. இடிக்காமலும் இருக்கணும், எடையும் சரியா இருக்கணும்.

— படத்துலே உள்ளபடிதான் துளைச்சேன். ஏளா தங்கத்தாய், அந்தத் துளை மிஷினை நிப்பாட்டிட்டு படத்தை எடுத்துட்டு வா. நீயும் கூட நின்னேல்லா?

— இந்தா மொதலாளி. நான் ஒண்ணு சொன்னா ஏசக் கூடாது.

— சொல்லு.

— வளையத்தை நாம கவுத்திப் போட்டுல்லா துளைச்சோம்.

— கவுத்திப் போடாம? முகத்தைக் கண்ணாடி கணக்கா கடைஞ்சு வச்சிருக்கேன். துளைக்கும்போது அலுமினியச் சுருள் தெறிச்சுக் கீறிச்சுன்னா எவன் வாங்குவான்? முகத்தைக் கம்பளித் துண்டிலே கவுத்தி, முதுகுலேருந்துதான் துளைப்பேன். என்னைக்கும் அப்படித்தான். அதனாலதானே பேட்டையிலே என் சாமானுக்கு ஒரு கீறல் கிடையாதுன்னு பேரு.

— படம் முகத்தைப் பாத்துப் போட்டது மொதலாளி. நாம முதுகைப் பாத்துட்டே நின்னோம்.

— அதனால என்னளா?

— அண்ணாச்சி, உங்க வலது கையை நீட்டுங்க. உள்ளங்கை மேலே பாக்கட்டும். பெருவிரல் எந்தப் பக்கம் இருக்கு?

— வலப்பக்கம்.

— இப்போ கையைக் கவுத்துங்க.

— ...யா அல்லா.

— இடப்பக்கம். அவ்வளவுதான் நடந்திருக்கு.

— இருவத்தெட்டு வருசம் தாயி. இருவத்தெட்டு வருசமா கவுத்தித்தான் போடுதேன்.

— பம்புசெட்டு வளையத்துக்கு எந்தப் பக்கம் துளைச்சாலும் ஒண்ணுதான் மொதலாளி. எல்லாத் துளையும் சரிசமமா இருக்கும். இதுக்குத்தான் ஒத்தத் துளை ஒண்ணு தனியா வருது.

— உங்களை மட்டும் சொல்லி என்ன அண்ணாச்சி. போன மாசம் வந்து அளந்து பாத்து கையெழுத்துப் போட்டது நான். இதே மேசையிலே, இதே கம்பளித் துண்டிலே கவுத்தி வச்சிருந்தீங்க. கீறல் விழக் கூடாதேன்னு நானும் திருப்பலை. அப்படியே அளந்தேன். எனக்கு வெக்கமா இருக்கு.

— சரி, நடந்தது நடந்துபோச்சு. சரியான எடத்துலே இன்னொரு துளை போட்டுத் தாரேன். அரை மணி நேரம்.

— அந்த எடத்துலே துளைக்கச் சதையே இல்லை. ஒயர் போற பள்ளத்தையும் கவுத்தியே வெட்டியாச்சு, அது அங்கன வந்து நிக்கி. கவுத்தி மாட்டவும் முடியாது, கடைஞ்ச முகம்தான் பெட்டியைப் பாத்து இருக்கணும். புது வளையம்தான் வேணும். இன்னைக்குச் சாயந்திர வண்டிக்கு.

— இன்னைக்கா? வெள்ளிக்கிழமை தாயி!

— ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ளே பெட்டியை வளையத்துலே ஏத்தி, குலுக்கிப் பாத்து, திங்கக்கிழமை காலையிலே ராக்கெட்டுக்காரங்க கையிலே குடுக்கணும். ஒரு நாள் தாண்டினாலும் ஏத்த மாட்டாங்க. எங்களுக்காக பெரிய சாட்டிலைட்டு காத்துக் கெடக்குமா? ஓசிலே எடம் குடுத்திருக்காங்க.

— கை இருக்கு, மிஷின் இருக்கு. உலோகத்துக்கு எங்க போவேன்? கடையிலே கெடக்கிற அலுமினியமா அது? சோதிச்ச காகிதத்தோட பெங்களூர்லேருந்து வந்த சரக்கு. இன்னொண்ணு வரவழைக்கப் பத்து நாளாவும். திருநெல்வேலி ஜில்லா பூரா சல்லடை போட்டு அரிச்சாலும் ஒரு துண்டு கிடைக்காது.

— ஒரு துண்டு இருக்கு அண்ணாச்சி.

— எங்க?

— அந்த மரப்பெட்டிக்குள்ளே.

— ...தாயி, அதைச் சொல்லாதீங்க.

— அதே சரக்கு. அதே காகிதம். முப்பத்தெட்டு கிலோ. மேலேருந்து ரெண்டு அங்குலம் அறுத்தா எனக்கு வளையம் வந்துரும்.

— அது உங்க டம்மி! உங்க பெட்டி போகலைன்னா அந்த எடத்துலே எடைக்கு வைக்கதுக்குன்னு நீங்கதான் செய்யச் சொன்னீங்க! நாளைக்குக் காலையிலே எட்டு மணிக்கு உங்க ஆபீஸ் வண்டி வருது எடுத்துட்டுப் போக.

— தெரியும்.

— தெரிஞ்சுமா கேக்கீங்க? நாலு வீட்டுக்குச் சொல்லியிருக்கேன். சம்பந்தி காயல்பட்டினத்துலேருந்து வாராரு. வண்டியிலே ஏத்தும்போது மாலை போட்டு, தெரு முழுக்க பிரியாணி குடுக்கதா நிய்யத்து வச்சிருக்கேன்.

— டம்மி ஏறுமா ஏறாதான்னே தெரியாம மாலையா?

— ...ஒளிக்க என்ன இருக்கு? சொல்லிருதேன். உங்க பெட்டி நின்னுபோச்சுன்னா என் டம்மிக் குண்டு மேலே போகும்னு மனசுக்குள்ளே ஒரு ஆசை கெடந்துச்சு. வளையம் அடியிலே கெடக்கும், எவன் கண்ணுலே படும்? இது அப்படி இல்லை. முழுசா, தனியா, என் கையாலே கடைஞ்சது. ராத்திரி படுத்தா அது அங்கன சுத்துத மாதிரியே இருக்கும். உங்க முகத்தைப் பாத்து இதைச் சொல்லக் கூசுது.

— கூச வேண்டாம். உங்க எடத்துலே நான் இருந்தாலும் ஆசைப்பட்டிருப்பேன். ஆனா கேளுங்க. உங்க குண்டு மேலே போயி என்ன செய்யும்? சும்மா கெடக்கும். எங்க பெட்டி போனா வேலை செய்யும். பெனிட்டோவை உங்களுக்குத் தெரியும்லா?

— உவரிக்காரப் பையன். ரேடியோ செய்யுதவன். எங்க வீட்டுலே சாப்பிட்டிருக்கான். மீன் சரியில்லைன்னு என் பொஞ்சாதிகிட்டேயே சொன்னவன்.

— அவன்தான். அவங்க அப்பா போன வள்ளம் திரும்பி வரலை. புயல் வருதுன்னு கரையிலே எல்லாருக்கும் தெரியும், நடுக்கடல்லே இருந்தவருக்குச் சொல்லத்தான் வழியில்லை. எங்க பெட்டி ஒரு நாளைக்கு ரெண்டு தடவை இந்தக் கடலுக்கு மேலே போகும். கரையிலே குடுக்கிற சேதியை வாங்கி வச்சுக்கிட்டு வள்ளத்துக்குச் சொல்லும். ஆறு வருசமா அதுக்காகத்தான் உக்காந்திருக்கோம். இந்த ராக்கெட்டை விட்டா காலேஜ்லே வேலையை மூடிருவாங்க. மூடிட்டா நான் வேற எங்கயாவது வாத்தியார் வேலைக்குப் போயிருவேன். பெனிட்டோ போக மாட்டான். அவன் அந்த ரேடியோவையே கட்டிக்கிட்டு அழுவான்.

— காலேஜ்லே உங்க பெரியவரு என்ன சொல்லுதாரு?

— காலையிலே ரயிலை விட்டு இறங்கினதும் எஸ்.டி.டி. பூத்துலேருந்து பேசினேன். பேசாம டம்மியை அனுப்பிட்டு நாலு நாள் ஊர்லே இருந்துட்டு வா, அம்மா கையாலே சாப்பிடுன்னாரு. டம்மியை அறுக்கப் போறேன்னேன். எனக்குக் காது கேக்கலைன்னுட்டு வச்சிட்டாரு.

— அப்போ அனுமதி இல்லை.

— இல்லை.

— இதை அறுத்துட்டு, உங்க வளையமும் நாளைக்குச் சரியா வரலைன்னு வைங்க. பெட்டியும் இல்லை, மாத்தும் இல்லை. காவடியிலே ஒரு பக்கம் காலி. அப்போ?

— ராக்கெட்டு நிக்கும். எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க. வேலை போயிரும். பேப்பர்லே போட்டாலும் போடுவாங்க. பாளையங்கோட்டையிலே எங்க அப்பா வெளியே தலை காட்ட முடியாது. எல்லாத்தையும் ரயில்லேயே யோசிச்சிட்டேன் அண்ணாச்சி. விழுப்புரம் வரைக்கும் அழுதேன். திருச்சியிலே ஒரு காபி குடிச்சேன். அதுக்கப்புறம் அழலை. இந்தாங்க காகிதம். மாற்று எடையை அறுக்கச் சொன்னது நான், முழுப் பொறுப்பும் எனதுன்னு எழுதி, விஜயஸ்ரீன்னு கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருக்கேன். உங்க மேலே ஒரு சொல் வராது.

— மொதலாளி, மணி ஒம்பதாவப் போகுது.

— இரு ளா. அவசரத்துலே அறுத்துட்டா ஒட்டவா முடியும்? ...தாயி, இந்தக் காகிதத்தை உள்ளே வைங்க.

— அண்ணாச்சி, நான் கெஞ்சத்தான் வந்தேன். ஆனா நீங்க முடியாதுன்னாலும் போக மாட்டேன். வேற பட்டறைக்குத் தூக்கிட்டுப் போவேன். அந்த டம்மி எங்க காலேஜ் பொருள்.

— முப்பத்தெட்டு கிலோவை நீங்களா தூக்குவீங்க?

— உருட்டிட்டுப் போவேன்.

— செய்யுதவங்கதான். அதுக்குச் சொல்லலை. துளை தப்பினது என் கை. அந்தத் தப்பை வச்சே என் குண்டு மேலே ஏறி, அதுக்கு நான் மாலையும் போட்டு, ஊர்க்காரன் வாயாலே பேரும் வாங்கினேன்னா, இன்னைக்கு மதியம் ஜும்மாவிலே எப்படிப் போயி நிப்பேன்? காகிதத்தை உள்ளே வைங்கன்னேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் தப்பு பண்ணினோம். கேட்டா ரெண்டு பேரையும் கேக்கட்டும்.

— அண்ணாச்சி...

— அழாதீங்க. திருச்சியோட நிப்பாட்டினேன்னு சொன்னீங்கள்ளா. ஏளா தங்கத்தாய், மரப்பெட்டியை உடை. ஆணியைப் பிடுங்கிட்டு நிக்காத, உடை. ரெண்டு அங்குலத்துக்குக் கோடு போட்டு ரம்பத்துலே ஏத்து. அறுக்க ரெண்டு மணி நேரம். நான் தொழுதுட்டு வாரதுக்குள்ளே நீ வெளி வட்டம் கடைஞ்சிரு. வந்து முகத்தை நான் பாத்துக்கிடுதேன்.

— துளை யாரு போட மொதலாளி?

— நீ போடு. முகத்தைப் பாத்துப் போடு. கீறல் விழுந்தா விழட்டும், நான் தேய்ச்சு எடுத்துக்கிடுதேன்.

— கூடவே நானும் நிக்கேன் அக்கா. ஒவ்வொரு துளைக்கும் கையை நீட்டிப் பாத்துட்டுத்தான் அடுத்தது.

— சாப்பிட்டீங்களா தாயி?

— வண்டி ஏறினதும் சாப்பிடுதேன்.

— அதெல்லாம் முடியாது. வீட்டுலே இட்லி இருக்கும். சம்பந்திக்கும் ஆளனுப்பி வர வேண்டாம்னு சொல்லணும். பிரியாணியை என்ன செய்யன்னுதான் தெரியலை.

— மொதலாளி.

— இன்னும் ரம்பம் ஓடலை? என்னளா பண்ணுதே?

— மேல்பக்கம் அறுக்கணும்லா, குண்டைக் கவுத்திப் போட்டு இறுக்கலாம்னு உருட்டினேன். இங்கன வாங்க. மேடம், நீங்களும் வாங்க. அடியைப் பாருங்க.

— அடியிலே என்ன? அதே பதினேழு துளை. அதே படத்தை வச்சுத்தான் போட்டோம்.

— போட்டோம். மேலேருந்து பாத்த படத்தை வச்சு அடியிலேருந்து போட்டோம். இப்போ கையைக் கவுத்துங்க. கவுத்தினா பெருவிரல் இடப்பக்கம்லா போகணும்? இந்த ஒத்தத் துளை வலப்பக்கமே நிக்கி.

— இருங்க அக்கா, அம்புக்குறி எங்க... ஆமா. ஆமா அண்ணாச்சி. அப்படின்னா இது நாளைக்கு வண்டியேறி அங்க போயிருந்தாலும்...

— உக்காந்திருக்காது மேடம். சுத்தி வச்சாலும் எடை சாஞ்சிரும், உங்க பெட்டி கணக்கா ஒரு பக்கம் குடைஞ்சதுல்லா இது.

— தங்கத்தாய், ரம்பத்தைப் போடு. ...தாயி, நீங்க வந்து அறுத்தே ஆவணும்னு நிக்கலைன்னா, ராக்கெட்டையே நிப்பாட்டப் போற குண்டுக்குத்தான் நாளைக்குக் காலையிலே நான் மாலை போட்டிருப்பேன்.