பொட்டு வைக்காத போன்

— நானூறு பிளாஸ்டிக் சேரும் சரியா இருக்கு பேச்சியக்கா. அப்ப போன முகூர்த்தத்துல நாப்பது சேரு எங்க போச்சு?

— போச்சு, வந்துருச்சு. இருக்குல்ல, விடு மாலதி.

— விட முடியாது. செத்த உள்ள வாங்க, உக்காந்து பேசுவோம்.

— நான் வாசல்லயே நிக்கிறேன் தாயி. அங்கருந்தே கேளு.

— இருபது வருசமா இந்த வாடகைக்கடைக் குடோன் சாவி உங்க இடுப்புல இருக்கு. உங்களுக்குத் தெரியாம ஒரு கரண்டி வெளிய போகாது. ரெட்டியார்சத்திரம் கல்யாணத்துல மாப்பிள்ளையோட தாய்மாமன் நின்னுக்கிட்டே சாப்ட்டுட்டுப் போனாரு. நான் எழுதுன சாப்ட்வேரு சேரு இருக்குன்னுச்சு, வந்து பாத்தா குடோன்ல இல்ல. முதலாளி என்ன சொல்றாரு தெரியுமா?

— தெரியும். கம்ப்யூட்டரு பொய் சொல்லாது, பேச்சிதான் நமக்குத் தெரியாம வெளிய வாடகைக்கு விடுறான்னு முதலாளி ஈஸ்வரன் தம்பியே சொல்லுச்சு. எங்காதுலயே விழுந்துச்சு.

— ஞாயித்துக்கெழம நாலு கல்யாணம். அன்னைக்கும் கொறஞ்சா சாவிய வாங்கிருவேன்னு சொல்லிட்டாரு. நான் செஞ்ச சிஸ்டத்தால உங்க பேரு கெட்டா, நான் இந்தத் தொழிலே பாக்க வேணாம். இதுக்கு ஒரு வழி பண்ணாம இன்னைக்கு இந்த எடத்த விட்டு நகர மாட்டேன். சொல்லுங்க.

— மூணு மாசம் நோட்டும் பேனாவுமா எம்பின்னாடியே சுத்துன. கல்யாணத்துக்கு என்னென்ன போவும்னு கேட்ட. காதுகுத்து கேட்ட, சடங்கு கேட்ட, கெடாவெட்டக் கூட விடல. எழவு வீட்டுக்கு என்ன போவும்னு கேட்டியா?

— கேக்கல.

— அப்பறம் என்னையக் குடைஞ்சா?

— தப்பு என்னுதுதான். இப்ப கேக்கறேன். என்ன போவும்?

— முப்பது நாப்பது சேரு, சாமியானா ஒண்ணு, பிரீசர் பெட்டி, தண்ணி டிரம்மு. ஒருத்தரு வந்து வாசல்ல பேசாம நிப்பாரு. அந்த மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சு போவும். யாரு எவருன்னு கேக்கக்கூடாது. எப்பத் திருப்புவீகன்னு கேக்கவே கூடாது. தொறந்து விட்டுருவேன், ஏத்திக்கிட்டுப் போவாக. முடிஞ்சதும் கழுவிக் கொண்டாந்து எறக்கிருவாக. ஒரு சேரு கூட வராமப் போனதில்ல.

— முதலாளிக்கு இது தெரியாதா?

— அவங்கப்பாரு வச்ச ஏற்பாடு. வாடகையும் கெடையாது. தம்பி கோயம்புத்தூர்லருந்து வந்து கடைய எடுத்து ரெண்டு வருசந்தான ஆச்சு. கேட்டா சொல்லிருப்பேன். கேக்காமலே களவாணின்னுருச்சு. அதான் வாயத் தொறக்கல.

— இம்புட்டு நடந்திருக்கு, கம்ப்யூட்டர்ல ஒரு வரி தட்டிருக்கலாமுல்ல?

— எதுல தட்ட? பூசை போட்ட அன்னைக்கு நீயே மஞ்சத் தடவி, குங்குமம் வச்சு, சூடம் காட்டித்தான அத ஆன் பண்ணுன? கல்யாணத்த எழுதுற எடத்துல அதப் போயி எழுதுவாகளா? நோட்டு இருந்த காலத்துலயே எழுதுனதில்ல.

— பொட்டு வச்சதும் நாந்தான். சரி, இந்தா, இது என்னோட பழைய போனு. இதுக்கு யாரும் பொட்டு வைக்கக்கூடாது. கம்ப்யூட்டர் பக்கமே நீங்க போக வேணாம். இதுல ரெண்டே கட்டந்தான் வைக்கிறேன். என்ன சாமான், எத்தன.

— பேரு?

— கேக்காது.

— திருப்புற தேதி?

— அந்தக் கட்டத்தையே தூக்கிர்றேன். நீங்க இதுல தட்டுனா அங்க சேரோட எண்ணிக்கை தானாக் கொறஞ்சிரும். ஏன் கொறஞ்சுச்சுன்னு காட்டாது. மொதல்லயே தெரிஞ்சா முதலாளி நாகல் நகர்ல வேற கடையில எடுத்து அனுப்பிருவாரு. அவருகிட்ட விசயத்த நான் பேசுறேன், உங்க கிட்ட மன்னிப்புக் கேக்க வைக்கிறேன்.

— மன்னிப்பு கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம ஒரு பந்தியிலயும் ஆள் நிக்கக்கூடாது. எத்தன நாளாவும்?

— நாளெல்லாம் வேணாம். பழைய ஆர்டர் பாரத்துல நாலு கட்டத்தத் தூக்கணும், அவ்வளவுதான், பேசிக்கிட்டே பண்ணிர்றேன். ஆமா, குட்டியானை ஏன் வாசல்ல நிக்குது? டிரைவர் அந்தோணிராஜ் அண்ணன் வண்டிக்குள்ளயே உக்காந்திருக்காரு. இன்னைக்கு லோடு எதுவும் இல்லயே.

— நிக்கட்டும். நீ வேலையப் பாரு.

— வெயில் ஏறிருச்சு. உள்ள வந்து ஒரு வாய் தண்ணியாச்சும் குடிங்கக்கா.

— வேணாம் தாயி. இதச் சரி பண்ணிட்டுத்தான் போவணும்னு வந்தேன். சீக்கிரம்.

— முடிஞ்சிருச்சு. வேலை செய்யுதான்னு பாக்கணும். சும்மா டெஸ்ட்டுக்கு நாப்பது சேருன்னு தட்டுறேன்.

— தட்டாத. கைய எடு. சும்மாவுக்குன்னு அத எழுதக்கூடாது.

— தட்டிப் பாக்காம நான் எதையும் ஒப்படைக்கிறதில்லக்கா. அதுக்குன்னு நெசமாவே ஒரு எழவு விழுகுற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க முடியுமா?

— காத்திருக்க வேணாம். முப்பது சேரு, பிரீசர் பெட்டி ஒண்ணுன்னு தட்டு. தட்டிட்டு, உங்கையால எடுத்து அந்த வண்டியில ஏத்து தாயி. வெடியக்கால எங்க மாமனாரு போயிட்டாரு, தீட்டோட கல்யாணச் சாமான நான் தொடக்கூடாது.