கறுப்பு கலந்து எத்தனை நாள்

பிரபாகர்: ...பீரோ மேலயும் இல்லியா ஆன்ட்டி?

டெல்பின்: இல்லப்பா. உங்க சார் வில்லியம் போனதும் அவர் கல்லையெல்லாம் உங்க காலேஜுக்கே குடுத்துட்டேனே.

பிரபாகர்: எல்லாம் வந்துச்சு. அந்த எரிமலைக் கல்லு மட்டும் காணோம். வெள்ளைக்குள்ள கறுப்புத் திட்டு...

டெல்பின்: தயிர்சாதத்துல திராட்சைன்னு கிண்டல் பண்ணுவியே, அதுவா?

பிரபாகர்: அதேதான். சார் அடிக்கவே வந்துட்டாரு.

டெல்பின்: கோவம் வராதா பின்ன? பூமிக்குள்ள வெள்ளைப் பாறைக் குழம்பு பாதி ஆறிக் கெடக்கு. அடியிலேர்ந்து கறுப்புக் குழம்பு கொதிக்கக் கொதிக்க வந்து பூந்துடுது...

பிரபாகர்: ஐய, பாடமே எடுக்குறீங்க!

டெல்பின்: முப்பது வருஷம் சோத்தோட கேட்டதுடா. இரு... அந்தச் சூட்டுல வெள்ளைக்குள்ள கரைஞ்சிருந்த வாயு நுரைச்சுக்கும்.

பிரபாகர்: சோடா பாட்டில குலுக்குன மாதிரி.

டெல்பின்: மூடி தாங்காது. மலை வெடிச்சிடும்.

பிரபாகர்: அப்போ எல்லா எரிமலையும்...

டெல்பின்: "வெடிக்கலாம்"னு சொல்லணும்! "வெடிக்கும்"னு எழுதினா சிவப்பு மையால அடிச்சிடுவாரே.

பிரபாகர்: என் நோட்டு பூரா அந்தச் செவப்புதான் கீது.

டெல்பின்: எனக்கு ஒண்ணுதான் புரியல. கறுப்பு கலந்து எத்தனை நாள்ல வெடிச்சுதுன்னு கல்லு எப்படிடா சொல்லும்?

பிரபாகர்: கலந்தப்புறம் கல்லுக்குள்ள இருக்கற பழைய படிகத்தைச் சுத்திப் புதுசா விளிம்பு வளரும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கோடு மொதல்ல பளிச்சுன்னு இருக்கும். நாள் ஆக ஆக மங்கிக்கினே போவும். வெடிச்சு ஆறுனா அப்படியே நின்னுடும். எவ்ளோ மங்கிச்சுன்னு அளந்தா நாள் தெரிஞ்சிடும்.

டெல்பின்: ஆஸ்பத்திரிலயும் அதே பேச்சுதான். "வீட்டுக்குப் போனதும் அந்தக் கல்லை நானே அறுக்கணும் டெல்பின், எத்தனை நாள்னு பாத்துடணும்"னு. கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும். என்னடா? காபி ஆறுது பாரு.

பிரபாகர்: கல்லு எங்க ஆன்ட்டி?

டெல்பின்: ...கோச்சுக்காத. பெட்டி மூடறதுக்கு முன்னாடி அவர் கையில ஜெபமாலை சுத்துனாங்க இல்ல... அந்தக் கைக்கடியில வெச்சுட்டேன். உன் ஆராய்ச்சிக்கு வேணும்னு அப்போ தோணவே இல்லடா.

பிரபாகர்: தெரியும் ஆன்ட்டி. பெட்டியத் தூக்குனப்ப உள்ள உருண்டுச்சு. நான் கல்லுக்கு வரல, இத எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் தேடுற மாதிரி கேட்டுக்கினு இருந்தேன்... போட்டோ எடுக்கன்னு உங்ககிட்ட வாங்கினு போனேனே, அப்பவே ஓரத்துல ஒரு சீவல் அறுத்து அளந்துட்டேன். சார் திட்டுவாருன்னு பயந்து, ஆஸ்பத்திரிக்கு வந்தப்பல்லாம் வாயே தொறக்கல. முப்பத்தெட்டு நாள் ஆன்ட்டி.