மேனேஜர் அறையில் செத்த எலி

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் பஸ்ஸில் நல்ல கூட்டம். நின்றுகொண்டு வந்த ஏ.சி. மெக்கானிக் தன் பையை என் மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெரியவரிடம் பேச ஆரம்பித்தார்.

"ஒரே நாத்தம்னு செத்த எலியைத் தேடி கம்பெனி மேனேஜர் ரூம் சீலிங்கையே பிரிச்சுட்டாங்கண்ணா."

"கெடச்சுதா?"

"எங்க கெடைக்கும்? மொட்டை மாடி மெஷின் சூடா காத்து தள்ளும்ல, அங்க பாரூர் ஏரி மீனைக் காயவெச்சிருந்தேன். அந்த நாத்தத்த, பக்கத்துல வெளிக்காத்தை இழுக்குற குழாய் உறிஞ்சி ரூமுக்குள்ள விட்டுருச்சு."

"அப்புறம்?"

"மீனை எடுத்துட்டு ஃபில்டரைக் கழுவி மாட்டுனேன். நாத்தம் போயிருச்சு. இனி வாராவாரம் நீயே சர்வீஸ் பண்ணுப்பான்னுட்டாரு மேனேஜர்."

"மீனு?"

"நல்லா காஞ்சிருச்சுண்ணா. அதோ, அவரு மடியில இருக்குது."

முன் சீட்டுக்காரர் என்னையே ஏன் திரும்பித் திரும்பி முறைத்தார் என்று அப்போதுதான் விளங்கியது.